மறு: ரெட் ரிஃப்ளெக்ஸ், லூக்கோகோரியா, டபீட்டம் – தமிழில் எப்படிச் சொல்வது?

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

செவிலியர் கையேட்டையும் கால்நடை உதவியாளர் கையேட்டையும் ஒரே சொற்பட்டியலை வைத்து எழுதலாம் என்ற யோசனையை முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் இதுவரை வந்த பரிந்துரைகளில் இரண்டை, அதாவது ரெட் ரிஃப்ளெக்ஸுக்குச் (கண்ணுக்குள் ஒளி பாய்ச்சினால் திரும்பி வரும் செந்நிற ஒளி) ‘சிவப்பு அனிச்சை’ என்பதையும் லூக்கோகோரியாவுக்குப் (பாவை வெள்ளையாகத் தெரிவது) ‘பூனைக்கண்’ என்பதையும், அப்படியே அச்சுக்கு அனுப்பினால் ஒரு குழந்தையின் கண் போய்விடக்கூடும். அதனால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

> ரெட் ரிஃப்ளெக்ஸ் = சிவப்பு அனிச்சை. அனிச்சை பாடநூலில் நிலைத்துவிட்ட சொல், அதையே வைத்துக்கொள்ளலாம்.

வேண்டாம். முழங்காலுக்குக் கீழே தட்டினால் கால் உதறுவது அனிச்சை. டார்ச் அடித்தால் பாவை (கண்ணின் நடுவே உள்ள கரிய துளை) சுருங்குவதும் அனிச்சை. ரெட் ரிஃப்ளெக்ஸ் சோதனையில் நரம்புக்கு எந்த வேலையும் இல்லை. இருட்டாக்கிய அறையில், குழந்தையின் முகத்திலிருந்து ஏறத்தாழ ஒரு கை நீளம் தள்ளி, கண்ணுக்குள் பார்க்க உதவும் விளக்குக் கருவியான ஆப்தல்மாஸ்கோப்பைப் பிடித்து, இரு கண்களிலும் ஒரே நேரத்தில் ஒளி விழும்படி பார்க்கிறோம். அந்த ஒளி கண்ணின் முன்பக்கத் தெளிந்த படலம் (கார்னியா), கண்வில்லை, உள்ளே நிரம்பியிருக்கும் கண்பாகு எல்லாவற்றையும் கடந்து விழித்திரையைத் தொட்டு, அதற்குப் பின்னால் உள்ள இரத்தக்குழாய்ப் படலத்தின் நிறத்தை ஏற்றுக்கொண்டு வந்த வழியே திரும்புகிறது. ஊதிவிட்ட தணல் போல இரண்டு பாவைகளும் ஒரே அளவில் கனன்று தெரிந்தால் வழி தெளிவாக இருக்கிறது என்று பொருள். கண்வில்லையில் புரை இருந்தால் அந்தக் கனலுக்கு நடுவே கரும்புள்ளி விழும், அல்லது கனலே தெரியாது. விழித்திரையில் கட்டி இருந்தால் வெள்ளையாகத் தெரியும்.

கண்புரையோடு பிறந்த குழந்தைக்கும் டார்ச் அடித்தால் பாவை சுருங்கத்தான் செய்யும். கையேட்டில் ‘சிவப்பு அனிச்சை’ என்று போட்டால், பிரசவ அறையில் அவசரத்தில் இருக்கும் செவிலியர் பாவை சுருங்கியதைப் பார்த்து ‘அனிச்சை உண்டு’ என்று அட்டையில் குறித்து அனுப்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது, நாம் கொடுத்த சொல் அப்படி. ஒரு கண்ணில் மட்டும் அடர்த்தியான பிறவிப் புரை இருக்கும் குழந்தைக்கு முதல் 6 வாரங்களுக்குள் அறுவை செய்வது நல்லது என்கிறார்கள். அந்தக் கண்ணோடு பழகாமல் மூளை அதைக் கைவிட்டுவிட்டால், பிறகு புரையை எடுத்தும் பெரிய பயன் இருக்காது.

> ‘சிவப்புக் கண் சோதனை’ என்றால் யாருக்கும் புரியும்.

புரியும், மெட்ராஸ் ஐ என்று புரியும். கண் சிவந்திருக்கிறது என்று யார் சொன்னாலும் தமிழர் மனத்தில் வெள்ளைவிழிதான் சிவக்கிறது.

என் பரிந்துரை: பாவைச் செவ்வொளி. சோதனைக்குச் செவ்வொளிச் சோதனை. ‘செவ்வொளி தெரிகிறது’, ‘இடக்கண்ணில் செவ்வொளி மங்கல்’ என்று அட்டையில் குறிக்க இயல்பாக வருகிறது. ‘செவ்வெதிரொளி’ என்று முன்மொழிந்தவரின் தருக்கம் சரியானதே, ஆனால் நாக்கு தடுக்குகிறது.

> நம் குழந்தைகளுக்கு அது சிவப்பாகவே இருப்பதில்லையே?

மிக நல்ல கேள்வி. கண்ணுக்குள் நிறமி மிகுந்த நம் குழந்தைகளுக்கு அது ஆரஞ்சாகவோ பழுப்பாகவோதான் தெரியும். ஆனால் ‘செம்மை’ அந்தச் சாயல்களையெல்லாம் ஏற்கெனவே தனக்குள் வைத்திருக்கும் சொல். செம்மண், செம்பொன், செம்மறி, செவ்வானம் இவற்றில் எதுவும் குங்குமச் சிவப்பு இல்லை. செம்மறியைச் செம்மறி என்று சொன்ன மொழியில் பழுப்பு ஒளியைச் செவ்வொளி என்பதில் தவறே கிடையாது. நிறத்தைவிட இரு கண்களும் ஒத்திருக்கின்றனவா என்பதுதான் முக்கியம் என்று விளக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிட வேண்டும்.

> லூக்கோகோரியா = பூனைக்கண். ஐரோப்பிய மருத்துவர்களும் பழைய நாளில் அப்படித்தான் அழைத்தார்கள்.

அவர்கள் அழைத்தது உண்மைதான். நம் ஊரில் பூனைக்கண் என்றால் கருவிழி வெளிர் நிறமாக உள்ளவர், பெரும்பாலும் அழகு என்றே சொல்லப்படுவது. ‘உங்கள் பிள்ளைக்குப் பூனைக்கண்’ என்று சொன்னால் அந்தத் தாய் மகிழ்ந்துபோய் வீட்டுக்குப் போய்விடுவார். லூக்கோகோரியாவுக்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று ரெட்டினோபிளாஸ்டோமா என்னும் விழித்திரைப் புற்று. 15,000 முதல் 20,000 பிறப்புகளுக்கு ஒன்று, பெரும்பாலும் 5 வயதுக்குள். சீக்கிரம் கண்டால் உயிரைக் காப்பாற்றலாம், பல நேரங்களில் கண்ணையும் காப்பாற்றலாம். ஃபிளாஷ் போட்டு எடுத்த பிறந்தநாள் படத்தில் ஒரு கண் சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் விழுந்திருப்பதைப் பெற்றோரே முதலில் கவனிப்பது உண்டு. கோணம் மாறினால் நல்ல கண்ணும் சில படங்களில் வெள்ளையாக விழும் என்பதால், படத்தை வைத்து முடிவு செய்யாமல் உடனே கண் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

‘வெண்பாவை’ என்ற பரிந்துரை அருமையானது. லூக்கோகோரியாவில் உள்ள கிரேக்கச் சொல் ‘கோரே’வும் சிறுபெண், பொம்மை, கண்ணின் பாவை என்றெல்லாம் பொருள்பட்டு நம் பாவையோடு அப்படியே பொருந்துகிறது. இருந்தும் அதை ஏற்க எனக்குத் தயக்கம். காவியத் தலைவியின் பெயர் போல இருக்கிறது, அபாயம் தொனிக்கவில்லை. பாவை வெளுப்பு என்று வைக்கலாம் என்பது என் கருத்து. வெளுப்பு ஏற்கெனவே மருத்துவமனைச் சொல். ‘பாவை வெளுத்திருக்கிறது, இன்றே அனுப்புங்கள்’ என்று தொலைபேசியில் சொல்லலாம். ‘வெண்பாவை’யை வைத்து இப்படி ஒரு வாக்கியம் அமையாது. பாவையா கண்மணியா என்று கேட்டவருக்கு: கண்மணி என்றால் சிலர் முழு விழியையும் எண்ணிக்கொள்ளலாம், ஆகவே பாவை. பேச்சில் ‘கண்ணின் பாப்பா’ என்பதை விளக்கத்தில் சேர்க்கலாம்.

இனி கால்நடை. மாடு, ஆடு, குதிரை, நாய், பூனை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால், மேற்பாதியில், ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் ஒன்று உண்டு. அதுதான் டபீட்டம் லூசிடம். இரவில் வண்டி விளக்கில் மாட்டின் கண் பச்சையாகவும் நீலமாகவும் மின்னுவது அதனால்தான். மனிதருக்கு அது இல்லை, பன்றிக்கும் இல்லை. பன்றியின் கண்ணில் நம்முடையதைப் போலச் செவ்வொளிதான் தெரியும். நீலக் கண் கொண்ட சயாமியப் பூனைகளிலும் சிவப்பாகத் தெரிவதுண்டு. நாய்க்குட்டிக்குப் பிறந்து சில மாதங்கள் ஆனபின்தான் இந்தப் படலம் முழு நிறம் பெறுகிறது.

‘ஒளிர்கம்பளம்’ இலத்தீனின் நேர்பெயர்ப்பு, ஆனால் அந்தப் படலம் தானாக ஒளிர்வதில்லை. ‘மின்படலம்’ என்றால் மின்சாரம் நினைவுக்கு வரும். எதிரொளிப் படலம் என்றால் செய்யும் வேலை பெயரிலேயே இருக்கிறது. இதனால் இன்னொரு ஆதாயமும் உண்டு. விழித்திரை நலிந்து மெலிந்துபோன நாயின் கண்ணிலும், டாரின் என்னும் சத்து குறைந்த தீனியால் விழித்திரை கெட்ட பூனையின் கண்ணிலும் இந்தப் படலம் முன்னைவிடக் கூடுதலாகப் பளபளக்கும். அதை மறைத்துக்கொண்டிருந்த விழித்திரை மெலிந்ததுதான் காரணம். அதை மிகை எதிரொளி என்று சொல்லிவிடலாம். ‘நன்றாக மின்னுகிறது, கண் நலமாக இருக்கிறது’ என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

மெனஸ் ரெஸ்பான்ஸ் மட்டும் முடியாமல் நிற்கிறது. கண்ணை நோக்கிக் கையைக் கொண்டுபோனால் விலங்கு இமைக்கிறதா என்று பார்ப்பது அது. காற்றோ விரலோ மீசையில் படாமல் செய்ய வேண்டும், பட்டால் குருட்டு மாடும் இமைக்கும். இது கற்றுக்கொண்டு வருவது. பிறந்த கன்றுக்கு முதல் சில நாட்கள் இருப்பதில்லை. ஆகவே இங்கும் அனிச்சை பொருந்தாது. ‘மிரள் இமைப்பு’ என்று எழுதிப் பார்த்தேன். கால்நடை மருத்துவர்கள் தொழுவத்தில் இதற்கு வேறு சொல் வழங்கினால் அதையே எடுத்துக்கொள்ளலாம், தெரிந்தவர்கள் எழுதுங்கள்.