புதுப்பிப்பு: டிங்கி லாரிகளில் வெள்ளைப் பூப்பு

இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்ததும் பழைய டிங்கி (Dinky) உலோகப் பொம்மை லாரிகளின் அடித்தட்டில் வெள்ளையாகப் பூக்கிறதே, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்; பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இவற்றைச் சேகரிக்கும் எல்லோருக்கும் உதவும்.

உலர்ந்த துணியால் துடைத்ததும் போனால் மேற்பூப்புதான், பயமில்லை. சேஸிஸ் வளைந்து, கேபின் ஓரத்தில் பெயிண்டைப் பிளந்துகொண்டு மயிரிழை வெடிப்பு ஓடினால் அது ஜிங்க் பெஸ்ட் (zinc pest) என்ற உலோகச் சிதைவு. துத்தநாகக் கலவையில் ஈயம் கலந்துவிட்டதால் வருவது. 1930களின் வார்ப்புகளில் அதிகம். மருந்தே கிடையாது. பசை ஊற்றுவது வீண், உலோகம் உள்ளிருந்தே உப்புகிறது. பக்கத்து மாடலுக்குத் தொற்றாது.

ஈரமும் சூடும்தான் இதை வேகப்படுத்தும். இறுக்கமான டப்பா, சிலிக்கா ஜெல், உள்ளே சின்ன ஈரமானி. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே இருக்கட்டும். சிலிக்கா ஜெலின் நீல மணி ஈரம் ஏறி இளஞ்சிவப்பானால், அதை 110 டிகிரி செல்சியஸ் ஓவனில் 2 மணி நேரம் காயவையுங்கள். அதில் நச்சான கோபால்ட் உண்டு, சமையல் பாத்திரம் வேண்டவே வேண்டாம்.