மணி மாத்தின அன்னைக்கு உங்க சிஸ்டம் என்ன பண்ணுச்சு? (அனுபவப் பகிர்வு)

தரமணி_நைட்ஷிப்ட்

2007 மார்ச் 11. தேதியச் சொன்னாலே அந்தக் காலத்து சப்போர்ட் ஆளுங்களுக்குப் புரிஞ்சிரும். 2005ல அமெரிக்காவுல எரிசக்திச் சட்டம் போட்டாங்க, ஏப்ரல் முதல் ஞாயிறுல இருந்த டிஎஸ்டிய (வெயில் காலத்துக்காக மணிய ஒரு மணி நேரம் முன்னாடி வெக்கிறது) மார்ச் ரெண்டாவது ஞாயிறுக்கு இழுத்தாங்க, கடைசில வீக்எண்ட் போனது நமக்கு.

அங்க, கிழக்குக் கரைல, ராத்திரி ரெண்டு மணின்னா இங்க மதியம் பன்னிரண்டரை. ஆபீஸ்ல பிரியாணிப் பொட்டலம் பிரிச்சபடி இருக்கு, பிரிட்ஜ் கால்ல, அதாவது ஒரே போன் லைன்ல, முப்பது பேர். என் எக்செல்ல எல்லா சர்வரும் பச்சை. ஒவ்வொண்ணுலயும் மணி மாறுற தேதியக் காட்டுற இசட்-டம்ப் கமாண்ட ஓட்டி, மார்ச் 11னு வருதான்னு பாத்துப் பாத்து நானே பச்சை அடிச்சது. 1:59:59, அடுத்து 3:00:00. கால்ல கைதட்டல் வேற.

நான் சும்மா ஒரு ஆர்டர் சர்வர்ல ரெண்டு லாகையும் (நடக்கறத நேரத்தோட பதியற ஃபைல்) பக்கத்துல பக்கத்துல திறந்து வெச்சிருந்தேன். சிஸ்டம் லாக்ல 03:00:07. அப்ளிகேஷன் லாக்ல 02:00:07. அன்னைக்கு அந்த ஊர்ல ரெண்டு மணின்னே ஒண்ணு கிடையாது. இல்லாத நேரத்துல என் ஆர்டர் ஓடிக்கிட்டிருக்கு!

ஜாவா. அந்த அப்ளிகேஷன் ஓடுறது அதுலதான். அது ஓஎஸ்ஸ, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தக் கேக்காது, டைம்ஸோன் விதியத் தன் மடியிலயே கட்டி வெச்சிருக்கும். அந்த மெஷின்ல பழைய 1.4.2 வெர்ஷன். ஓஎஸ்ஸுக்குப் புது விதி உள்ள பேட்ச் போட்டா ஆச்சுன்னு நான் அடிச்ச பச்சை அது. பேங்குக்குப் போக வேண்டிய ஃபைல் ஒரு மணி நேரம் லேட். யாரும் என்னத் திட்டல, அதான் இன்னும் உறுத்துது. லாக்ல அந்த ரெண்டு வரியையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சிருக்கேன்.

மெயில்_அட்மின்_கோவை

சர்வர்காரங்க ஒரு மதியம் கஷ்டப்பட்டீங்க. நாங்க மூணு வாரம். மார்ச் 11லேர்ந்து ஏப்ரல் 1 வரைக்கும் காலண்டர்ல ஏற்கெனவே போட்டு வெச்ச மீட்டிங் எல்லாம் பழைய விதிப்படி போட்டது. பேட்ச் போட்டதும் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளி நின்னுது. அத நகத்த எக்ஸ்சேஞ்ச்ல (எங்க மெயில், காலண்டர் சர்வர்) ஒரு டூல் குடுத்தாங்க. நாங்க சர்வர்ல ஓட்டினோம். அவங்கவங்க மெஷின்ல இருக்கிற அவுட்லுக்ல தனியா ஓட்டுற டூல் ஒண்ணும் வந்துச்சு. அதச் சில புண்ணியவான்கள் தங்க மெஷின்லயும் ஓட்டிட்டாங்க. பத்து மணி மீட்டிங் ஒருத்தருக்கு ஒம்பது, ஒருத்தருக்குப் பத்து, ஒருத்தருக்குப் பதினொண்ணு.

மறக்க முடியாதது, கிளையன்ட் பக்கம் இருந்த ஒரு செக்ரட்டரியம்மா. எங்க டூல் மேல நம்பிக்கையே இல்லாம, எல்லா மீட்டிங் தலைப்புலயும் நேரத்தக் கையாலயே அடிச்சிட்டாங்க. "வாராந்திரக் கூட்டம் – காலை 10 – காலண்டர் என்ன சொன்னாலும் 10". அந்த டிபார்ட்மென்ட்லேர்ந்து மட்டும் ஒரு புகார் டிக்கெட் கூட வரல.

யூடிசி_ராஜா

எனக்கு 2008ல சிட்னி கிளையன்ட். அங்க டிஎஸ்டி மார்ச் கடைசி ஞாயிறுல முடியறது ஏப்ரல் முதல் ஞாயிறுக்குப் போச்சு. ஒரு வாரம் பஞ்ச் மெஷின் தப்பா காட்டுச்சு, அவ்ளோதான் என் கதை.

ஆனா மேல ரெண்டு பேரும் சொன்னதப் படிச்சா, அடிப்படையே தப்புன்னு தோணுது. சர்வர் எல்லாத்தையும் யூடிசில, அதாவது எந்த ஊர் விதிக்கும் மாறாத உலகப் பொது நேரத்துல வைங்க, யூசருக்குக் காட்டும்போது மட்டும் மாத்துங்க. பாதிப் பிரச்சினை அங்கயே காலி. என்டிபி (நெட்வொர்க் வழியா மணிய ஒத்துவைக்கிறது) இருக்கு, தானா சரியாயிரும்னு சொல்ற மேனேஜர் எல்லா ஆபீஸ்லயும் ஒருத்தர் உண்டு. என்டிபி கொண்டுவர்றது வெறும் யூடிசி. உள்ளூர் விதி மாறினது அதுக்குத் தெரியவே தெரியாது, புரிய வைங்க. அமெரிக்கக் கிழக்கு நேரத்துக்கு ஈஎஸ்டின்னு மூணெழுத்துல ஸோன் வெக்காதீங்க, அது வருஷம் முழுக்க யூடிசிக்கு அஞ்சு மணி நேரம் பின்னாடி, மைனஸ் அஞ்சுலயே நிக்கும். அமெரிக்கா/நியூயார்க்னு முழுப் பேரக் குடுங்க. பேட்ச் போட்டதும் க்ரானையும் (குறிச்ச நேரத்துல ஜாப் ஓட்டுறது) சிஸ்லாகையும் (லாக் எழுதுறது) ரீஸ்டார்ட் பண்ணுங்க, மாசக்கணக்கா ஓடிக்கிட்டிருக்கிற ப்ராசஸ் பழைய விதியவே நினைவுல வெச்சிருக்கும். ஒண்ணுலேர்ந்து மூணு மணிக்குள்ள எந்த ஜாபும் வெக்காதீங்க. அமெரிக்காவுல மார்ச்ல ரெண்டரை மணி ஜாபுக்கு நேரமே வராது, நவம்பர்ல ஒண்ணரை மணி ரெண்டு தடவ வரும். சம்பள ஜாப் ரெண்டு தடவ ஓடினா யார் பதில் சொல்றது? அப்புறம்

மெயில்_அட்மின்_கோவை

அப்புறம் இருக்கட்டும் ராஜா. எங்க மீட்டிங் எல்லாம் யூடிசிலதான் இருந்துச்சு. வெனையே அதான்! நடந்து முடிஞ்சதுக்கு யூடிசி சரி. அடுத்த மாசம் காலைல பத்து மணிக்குச் சந்திப்போம்னு ரெண்டு பேர் பேசிக்கிட்டா, அது அந்த ஊர் பத்து மணி. நீங்க இன்னைய விதிய வெச்சு யூடிசிக்கு மாத்திப் பூட்டிட்டீங்க, நாளைக்கு கவர்மென்ட் விதிய மாத்துது. இப்ப அந்த எண்ணுக்குள்ள பத்து மணி எங்க இருக்கு? நாளைக்கு நடக்கப் போறத, உள்ளூர் நேரம் பிளஸ் ஊர்ப்பேர்னு வெக்கணும்.

யூடிசி_ராஜா

லாக், பேமென்ட் பத்திச் சொன்னேன். காலண்டர் விதிவிலக்கு.

வவுனியா_கொமினிக்கேசன்

நீங்கள் ஒரு மணித்தியாலத்துக்கு அழுறியள். எங்களுக்கு அரை மணித்தியாலம்.

96இல தண்ணி வத்தி கரண்ட் இல்லையெண்டு இலங்கையில மணிக்கூட்டை முதல் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவை, பிறகு அதே வருசம் அரை மணித்தியாலம் குறைச்சு யூடிசிக்கு ஆறு மணித்தியாலம் முன்னுக்கு, பிளஸ் ஆறிலை விட்டவை. 2006 சித்திரை 15, வருசப்பிறப்புக்கு அடுத்த நாள், திரும்ப ஐந்தரைக்கு வந்தது. அப்பாவின்ர கொமினிக்கேசன் கடையில நெற்றுக்கு எட்டுக் கொம்பியூட்டர். விண்டோசில இலங்கை எண்டால் ஸ்ரீ ஜெயவர்த்தனபுர, பிளஸ் ஆறு. நான் ஸோனைத் தொடாமல் மணியை மட்டும் அரை மணித்தியாலம் பின்னுக்கு வைச்சன். எல்லாம் சரியாத்தான் தெரிஞ்சது.

ஒரு அக்கா வந்து இருந்தவ, ஜேர்மனியில இருக்கிற தம்பிக்கு மெயில் அடிக்க. அவ இருக்கேக்கை விண்டோஸ் இன்டர்நெற் நேரத்தோடை தன்னைச் சரிபார்த்து, ஒரே எத்தில அரை மணித்தியாலம் முன்னுக்குப் பாய்ஞ்சிட்டுது. எழும்பி வரேக்கை பில் நாப்பது நிமிசம். "தம்பி, நான் பத்து நிமிசந்தான் இருந்தனான்" எண்டு கையில கட்டியிருந்த மணிக்கூட்டை என்ர முகத்துக்கு நேர நீட்டினா. அது பத்துப் பத்து. கொம்பியூட்டரில பத்து நாப்பது. நான் கொம்பியூட்டர் பிழைவிடாது எண்டு சொன்னன். அதைச் சொன்ன வாயை இப்பவும் அடிக்க வேணும் போல இருக்கு. அவ காசைக் குடுத்திட்டுப் போனா, பிறகு வரவேயில்லை.

கடைசியில ஒரு பெடியன்தான் வந்து ஸோன் பட்டியலில சென்னை, கொல்கத்தா, மும்பை, புதுடில்லி எண்டு இருந்த வரியை அமத்திவிட்டவன். அப்பா எட்டிப் பாத்திட்டு, "அப்ப நாங்கள் இப்ப இந்தியாவோ?" எண்டார்.

இதில இன்னொண்டு. ஓமந்தைக்கு அங்கால, புலிகளின்ர கட்டுப்பாட்டில இருந்த வன்னியில, 96இல இருந்தே பழைய ஐந்தரைதான். சோதனைச்சாவடி தாண்டினால் மணிக்கூட்டைத் திருப்ப வேணும். சித்திரை 15க்குப் பிறகு அங்காலை இருந்து வந்த சனம் மணிக்கூட்டைத் தொடவேயில்லை, நாங்கள்தான் அவையின்ர நேரத்துக்கு வந்தனாங்கள்.

துபாய்_ஐடி

தரமணி அண்ணனுக்கு ரெண்டு வருஷம் டைம் குடுத்தாங்க. எனக்கு மூணு நாள்.

2023 மார்ச். பெய்ரூட்ல எங்களுக்கு ஒரு கிளை. 26ந் தேதி மணிய முன்னாடி வெக்கணும். 23ந் தேதி வியாழக்கிழமை லெபனான் அரசாங்கம் சொல்லுது, இப்ப வேணாம், ரமலான் முடியட்டும்னு. அன்னைக்கே டைம்ஸோன் டேட்டாபேஸ்ல (எல்லா ஊர் மணி விதியும் இருக்கிற பொதுத் தொகுப்பு) 2023பிங்கிற புது வெர்ஷன் வந்துருச்சு. நானும் ஒழுங்கான புள்ளையா சனிக்கிழமை ராத்திரி போட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலைல மேனேஜர்கிட்டேர்ந்து வாய்ஸ் மெசேஜ். மாரோனைட் கிறிஸ்தவ சபை ஒத்துக்கல, சில டிவி சேனல் ஒத்துக்கல, பல ஸ்கூல் ஒத்துக்கல. பாதிப் பேர் போன்ல மணி மாறியிருக்கு, பாதிப் பேர் போன்ல மாறல. சிரிச்சுக்கிட்டே கேக்கறார்: "உங்க சிஸ்டம் எது? கிறிஸ்தவ நேரமா, முஸ்லிம் நேரமா?" நான் போட்டது ஒரு ஃபைல். அவ்வளவுதாங்க. அதுக்கு மதம் இருக்கும்னு நான் எங்க கண்டேன்?

வாசல்ல செக்யூரிட்டி ரிஜிஸ்டர்ல கோடு போட்டு ரெண்டு காலம் பிரிச்சிட்டார், ஒவ்வொரு ஆளுக்கும் ரெண்டு நேரம். அந்த ஃபோட்டோ இன்னும் என் போன்ல இருக்கு. திங்கக்கிழமை அமைச்சரவை முடிவ மாத்துது, புதன் ராத்திரி மணி மாறும்னு. மறுநாள் 2023சி, பழைய விதிக்கே திரும்பிட்டாங்க. பேட்ச் போடாம தூங்கினவன் சிஸ்டம் இப்ப சரி, போட்ட நான் ராத்திரி முழுக்கத் திரும்ப எடுத்தேன். அட்டெண்டன்ஸ்ல அந்த நாலு நாளையும் செக்யூரிட்டியோட நோட்டப் பாத்துக் கையால திருத்தினேன். ராஜா சார், இதுக்கு உங்க லிஸ்ட்ல எத்தனாவது பாயின்ட்?

தரமணி_நைட்ஷிப்ட்

அந்தச் செக்யூரிட்டிய என் டீம்ல சேத்திருக்கணும்.

ஸ்காபரோ_குளிர்

சர்வர் ஒண்டுமில்லை, வீட்டுத் தெர்மோஸ்டாட். ஒன்டாரியோவும் 2007இல அமெரிக்காவோடை சேர்ந்து மாறினது, இதுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. மார்ச்சில நாங்கள் கையால மாத்துவம். ஏப்ரல் முதல் ஞாயிறு அது தானா ஒருக்கா மாத்தும், திரும்ப எடுக்க வேணும். ஒக்டோபர் கடைசியில ஒரு கிழமை முந்தித் தானா குறைக்கும், கூட்ட வேணும். நவம்பரில பிறகு நாங்கள் குறைக்க வேணும். வருசத்துக்கு நாலு தரம். ஒரு ஏப்ரலில மறந்துபோய், இரவு ஹீற்றர் ஒரு மணித்தியாலம் முந்தியே குறைஞ்சு, அப்பா கம்பளிக்கு மேல கோட்டைப் போட்டுக்கொண்டு கதிரையில இருந்து தேவாரம் பாடிக்கொண்டிருந்தார்.

யூடிசி_ராஜா

மெனுல ஆட்டோ டிஎஸ்டி ஆஃப்னு ஒண்ணு இருக்கும் பாருங்க. இல்லன்னா மாடல் நம்பர் அனுப்புங்க. பொதுவா இந்த மாதிரிக் கருவில

ஸ்காபரோ_குளிர்

அப்பிடி ஒண்டும் இல்லை அண்ணை, தேடிப் பாத்தாச்சு. கோயில் கலண்டரில நாலு நாளுக்கும் சிவப்பு வட்டம் போட்டுக் குடுத்திருக்கிறன். அப்பா முதல் நாளே கதிரையை இழுத்துக்கொண்டுபோய் அதுக்குக் கீழ வைச்சிடுவார்.