தவளை மூளையில இருக்கற ரிசெப்டரும் நம்மளுதும் சொந்தமா?

கேள்வி: எம்எஸ்சி ஜூவாலஜி படிக்கிறேங்க, வாசோடோசின்ங்கற ஹார்மோனோட ரிசெப்டர் (ஹார்மோன் வந்து ஒட்டற செல் புரதம்) பத்தி செமினார். தவளை, நியூட்ல (வாலுள்ள, தவளைக்குச் சொந்தக்காரப் பிராணி) இருக்கறது நம்ம வாசோபிரஸின் ஹார்மோன் ரிசெப்டரோட ஒரே குடும்பம்ங்கறாங்களே, எத வச்சு?

பதில் 1: மொதல்ல ஹார்மோன பாருங்க. ரெண்டுலயும் 9 அமினோ அமிலம், 3வது எடத்துல மட்டும் வாசோடோசின்ல ஐசோலியூசின், நம்ம வாசோபிரஸின்ல ஃபீனைல்அலனின், மிச்சம் எட்டும் அச்சு அசல் ஒண்ணு. சாவி இவ்ளோதான் மாறிருக்குன்னா பூட்டும் பெருசா மாறியிருக்காதுல்ல.

பதில் 2: எனக்கு ரொம்ப புடிச்ச உதாரணம் அமெரிக்க மேற்குக் கரையோர தாரிக்கா கிரானுலோசா நியூட். ஆண், பொண்ணு முதுகு மேல ஏறி நாலு காலாலயும் இறுக்கிப் புடிச்சா மணிக்கணக்கா விடாது, வாசோடோசின் ஊசி போட்டா இந்தப் புடி கூடும், வி1ங்கற வகை ரிசெப்டர அடைக்கற மருந்து குடுத்தா கொறையும். பிரெய்ரி வோல்ங்கற எலி மாதிரி பிராணில ஆண் ஜோடி சேர்றதுக்கும் அதே வி1 வகைய சேந்த வி1ஏ தான் வேணும், யோசிச்சுப் பாருங்க!

பதில் 3: தேரையோட மூத்திரப்பையயும் சேத்துக்கங்க. வாசோடோசின் பட்டதும் அதுல அக்வாபோரின்ங்கற தண்ணி போற புரதக் குழாய் செல் சவ்வுக்கு வந்து சேந்து தண்ணி ஒடம்புக்குள்ள திரும்பும், நம்ம கிட்னில வி2ங்கற இன்னொரு வகை வாசோபிரஸின் ரிசெப்டர் செய்யறதும் அதேதான். ஆனா ஒண்ணு, ரிசெப்டர் ஒரே மாதிரி இருந்தாலும் மூளையில எந்த எடத்துல எவ்ளோ இருக்குங்கறது இனத்துக்கு இனம் மாறும், அத ஸ்லைடுல கண்டிப்பா போடுங்க.