ஆப்டோ ஐசோலேட்டருக்கு ‘ஒளிவழி மின்பிரிப்பி’: ஒரு பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரைத் தானாக இயக்கும் சுற்றுக்கு நாம் எழுதிவரும் கையேட்டில், சுற்றின் இரு பக்கங்களையும் மின்தொடர்பின்றிப் பிரித்துவைத்து, ஒளி வழியாக மட்டும் சைகையைக் கடத்தும் உறுப்பான ஆப்டோ ஐசோலேட்டரை ‘ஒளியிணைப்பி’ என்று குறிக்கலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. இந்த உறுப்பை ஆப்டோ கப்ளர் என்றும் அழைப்பதால் அப்பெயர் பிறந்திருக்கிறது. ஆனால் கற்றுக்கொள்பவருக்கு அதன் பிரிக்கும் வேலைதான் முதலில் விளங்க வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் எளிதாகக் கிடைக்கும் பிசி817 என்ற ஆப்டோ ஐசோலேட்டரையே எடுத்துக்கொள்வோம். அதன் நான்கு கால்களில் 1, 2 ஆகியவை உள்ளிருக்கும் அகச்சிவப்பு எல்இடிக்கும், 3, 4 ஆகியவை அந்த ஒளி பட்டதும் மின்னோட்டத்தைக் கடத்தும் ஒளி டிரான்சிஸ்டருக்கும் உரியவை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒளி செல்கிறதே தவிர, மின்சாரம் செல்லும் பாதை கிடையாது. ஆர்டுயினோ என்ற சிறு கட்டுப்பாட்டுப் பலகையின் 5 வோல்ட் வெளியீட்டை 330 ஓம் மின்தடை வழியாக 1-ஆம் காலுக்குக் கொடுத்து, 2-ஆம் காலை அதே பக்கத்துக் கிரவுண்டில் (பூஜ்ய வோல்ட் முனையில்) சேர்த்தால், எல்இடியில் விழும் சுமார் 1.2 வோல்ட் போக ஏறத்தாழ 11 மில்லியாம்பியர் ஓடும். மறுபக்கம் 4-ஆம் காலுக்கு 12 வோல்ட் கொடுத்து, 3-ஆம் காலிலிருந்து 4.7 கிலோ ஓம் வழியாக 2என்2222 டிரான்சிஸ்டரின் பேஸுக்குக் கொண்டுசென்றால், அந்த டிரான்சிஸ்டர் இயக்கும் ரிலே (மோட்டாரைப் போட்டு அணைக்கும் மின்காந்தச் சுவிட்ச்) இழுக்கும். ரிலே சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டயோடு எதிர்த்திசையில் இருந்தே ஆக வேண்டும். இல்லையேல் சுருள் அணையும் கணத்தில் எழும் மின்னழுத்தம் டிரான்சிஸ்டரைக் கெடுத்துவிடும்.

இவ்வளவும் சரியாகச் செய்தவர்கூட, கடைசியில் இருபக்கக் கிரவுண்டுகளையும் ஒரு கம்பியால் சேர்த்துவிடுவதுண்டு. ரிலே அப்போதும் இழுக்கும், மோட்டாரும் ஓடும் என்பதால் பிழை கண்ணில் படாது. ஆனால் 5000 வோல்ட் வரை தாங்கக்கூடிய பிரிப்பு அந்த ஒற்றைக் கம்பியால் வீணாகிவிடுகிறது. ரிலேக்கு 12 வோல்ட் தரும் அதே அடாப்டரிலிருந்து 7805 என்ற மின்னழுத்தச் சீராக்கி போட்டு ஆர்டுயினோவுக்கு 5 வோல்ட் எடுத்தாலும், இருபக்கக் கிரவுண்டும் ஒன்றாகிவிடுவதால் இதே நிலைதான். ‘இணைப்பி’ என்று படித்தவர் இணைக்கத்தானே பார்ப்பார்?

‘ஒளிப்பிரிப்பி’ என்று சுருக்கினால், ஒளிக்கற்றையை இரண்டாகப் பிரிக்கும் கண்ணாடியைக் குறிப்பதாகிவிடும். இங்கே பிரிவது மின்சாரம். ஒளி அதற்கு வழி மட்டுமே. ஆகவே ‘ஒளிவழி மின்பிரிப்பி’ என்று முதலில் முழுமையாக எழுதி, பிறகு ‘மின்பிரிப்பி’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ஒளி டிரான்சிஸ்டருக்குப் பதிலாக ஒளியால் இயங்கும் டிரையாக் (மாறுமின்னோட்டத்தை இருதிசையிலும் கடத்தும் சுவிட்ச்) உள்ள மோக்3021 என்ற உறுப்புக்கும் இப்பெயர் அப்படியே பொருந்தும். ‘மின்பிரிப்பு’ என்ற தொழிற்பெயரும் நமக்குக் கிடைக்கிறது. அது மின்பகுப்போடு (மின்சாரத்தால் சேர்மங்களைப் பிரிப்பதோடு) குழம்பும் என்று சிலர் கருதலாம். ஆனால் மின்பகுப்பு வேதியியலில் நன்கு வேரூன்றிய சொல் என்பதால் எனக்கு அந்த அச்சம் இல்லை.

டிரான்சிஸ்டருக்குத் ‘திரிதடையம்’ என்ற சொல் முன்பே இருக்கிறது. எனினும் கடையில் கேட்கும் பெயரிலேயே அதைக் கையேட்டில் விட்டுவிடலாம். அப்பெயரால் யாரும் தவறாக இணைக்கப் போவதில்லை.

சுற்றுப் படத்தில் இருபக்கத்துக்கும் ‘கிரவுண்ட்’ என்று ஒரே பெயர் இடாமல், ‘கட்டுப்பாட்டுக் கிரவுண்ட்’, ‘ரிலே கிரவுண்ட்’ என்று தனித்தனியே குறித்து, நடுவே புள்ளிக்கோடு வரைந்து அதன்மேல் ‘மின்பிரிப்பு எல்லை’ என்று எழுத வேண்டும் எனவும் கேட்டுக்கொள்கிறேன்.