சிங்கப்பூர்ல கைக்காசு வேலை (கணக்குல காட்டாம கையில காசு வாங்கற வேலை): பார்த்தவங்க, செஞ்சவங்க எழுதுங்க

பீஷான்காரி
தேக்கா பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை, நான் கல்லாவுல. பாத்திரம் கழுவுற அக்கா நம்ம சிட்டிசன், நாப்பதைத் தாண்டினவங்க. மசேநி (மத்திய சேம நிதி, சம்பளத்துல பிடிச்சு முதலாளியும் தன் பங்கைப் போடற சேமிப்பு) கட்டணும்னு முதலாளி ஃபார்ம் நீட்டினார். அக்கா ஈரக்கையோட அதைத் திருப்பித் தள்ளிட்டாங்க. "1,200ல 240 பிடிச்சா பியூபி (கரண்ட், தண்ணி) பில்லை யாரு கட்டறது? கையில குடுங்க." அப்போ முதலாளி மூஞ்சில ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, இன்னும் எரியுது எனக்கு.

துவாஸ் தம்பி
என் டாம் (தொழிலாளர் விடுதி) ரூம்மேட். கம்பெனியில ஓ.டி. (கூடுதல் நேர வேலை) நின்னுபோச்சு, ஊர்ல ஏஜெண்டுக்குக் கட்டின காசுக்கு வட்டி நிக்கல. ஞாயித்துக்கிழமை வீடு மாத்துற வேலைக்குப் போனான். வொர்க் பெர்மிட்ல இருந்துக்கிட்டு வெளிவேலை செஞ்சு மாட்டினா 20,000 வெள்ளி வரை அபராதம், 2 வருஷம் வரை உள்ளேன்னு அவனுக்கும் தெரியும். ஃபிரிட்ஜ் கால்ல விழுந்துடுச்சு. வேன்ல வர்ற வழியெல்லாம் "டாம் படியில வழுக்கிட்டேன்"னு சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கிட்டே வந்திருக்கான்.

சுவாசூகாங் மாமா
பீஷான்காரிக்கு: சிரிக்காம என்ன செய்வார்? அவர் பங்கு 17 விழுக்காடு, மாசம் 204 வெள்ளி மிச்சமாச்சே! அக்கா வேணாம்னாலும் கட்டியே ஆகணும். மாசம் 50 வெள்ளிக்கு மேல சம்பளம்னா முதலாளி பங்கு கட்டாயம், ரெண்டு பேரும் கைகுலுக்கிட்டா சட்டம் ஓடிப்போயிடாது. மசேநி கட்டலைன்னா வொர்க்ஃபேரும் (குறைஞ்ச சம்பளக்காரங்களுக்கு அரசாங்கம் தர்ற தொகை) வராது, அதுல ஒரு பகுதி ரொக்கமாவே கிடைக்கும், இதை யாரும் அந்தம்மாகிட்ட சொல்லல பாருங்க. 2016 ஏப்ரல்லேர்ந்து பேஸ்லிப் குடுக்கறதும் கட்டாயம். தரலைன்னா வேலைக்கு வந்த நாள், நேரம், வாங்கின காசு எல்லாத்தையும் நோட்டுல எழுதி வைக்கச் சொல்லுங்க. வாட்ஸ்ஆப் மெசேஜை அழிக்க வேணாம். தம்பி, உங்க ரூம்மேட்டும் முதல்ல டாக்டர்கிட்ட உண்மையைச் சொல்லணும்.
என் கதையா? எங்க சித்தி காலமெல்லாம் கைக்காசுதான். 55 வயசுல மசேநி கணக்கைப் பார்த்துட்டு "இது என்னுதுதானா?"ன்னு கவுண்டர்ல கேட்டாங்க.

துவாஸ் தம்பி
உண்மையைச் சொன்னா அடுத்த விமானத்துல ஊருதான் மாமா. கடனை நீங்க கட்டுவீங்களா?

ஈரமழை ரைடர்
மாமா பாடம் எடுத்தா நிறுத்த மாட்டார். நான் சாப்பாடு டெலிவரி. 2025 ஜனவரியில எங்களை மாதிரி ஆப் வழியா வேலை செய்றவங்களுக்குப் புதுச் சட்டம் வந்துச்சுல்ல, 1995க்கு முன்னாடி பொறந்தவங்களுக்கு மசேநி கூடுதலாப் பிடிக்கறது அவங்க விருப்பம். ஆப்ல சேர்றீங்களான்னு கேட்டப்போ பைக் கடன் கட்டற தேதி, ஆர்டரும் வரிசையா வந்துக்கிட்டு இருந்துச்சு. மூடிட்டுக் கிளம்பிட்டேன். இப்போ சேர்ந்தா வொர்க்ஃபேர் எங்களுக்கு எப்படிக் கணக்குப் போடுவாங்க? மாமாவைத் தவிர வேற யாராவது சுருக்கமாச் சொல்லுங்க.