சீனக் கல்வெட்டுச் சொற்பொழிவுகளில் திரையில் வரும் மைப்படிகள்: எதைக் கவனிக்கலாம்?

சீன வரலாறு பற்றிய சொற்பொழிவுகளில் கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்தோடு ஒரு மைப்படி வராமல் போவது அபூர்வம். பலர் அதைப் புகைப்படம்போல நம்பிவிடுகிறார்கள். அது கல்லெழுத்தின் மேல் தாளை ஒட்டி, மையொற்றிக் கையால் எடுத்த படி. எடுத்தவரின் பக்குவமும் பக்குவக்கேடும் எழுத்திலேயே தெரியும்.

எடுக்கும் முறை இதுதான். கல்லைத் துடைத்துத் தூசி போக்கி, சுவான் என்ற மெல்லிய சீனத் தாளை ஈரமாக ஒட்டுவார்கள். பிடிமானத்துக்கு பைஜி என்ற ஆர்க்கிட் கிழங்கு ஊறிய நீரை நீர்த்த பதத்தில் தடவுவதுண்டு. மேலே கம்பளித் துண்டோ உலர்ந்த தாளோ வைத்து, பனைநார்த் தூரிகையால் தட்டித் தட்டி, எழுத்தின் பள்ளத்துக்குள் தாளை இறக்க வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். வேலை கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஈரம் மிஞ்சினால் மை ஊறிப் பரவும், தாளைத் தாண்டிக் கல்லையும் கறையாக்கும். அதிகம் காய்ந்தால் தாள் கல்லைவிட்டு எழும்பி, எழுத்துக்கு இரட்டை விளிம்பு விழும். தாள் வெளுக்கத் தொடங்கி, உள்ளே இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கும்போது, பஞ்சை வைத்துப் பட்டுத்துணியால் கட்டிய பொதியால் மையை ஒற்றுவார்கள். பொதியை நேராக மையில் முக்கக்கூடாது. இன்னொரு பொதியிலோ தட்டிலோ மையைப் பரப்பி, அதில் தொட்டு எடுக்க வேண்டும். லேசாகப் பல சுற்று ஒற்றினால் நிறம் சீராக ஏறும். ஒற்றாமல் தேய்த்தால் பள்ளத்தில் மை இறங்கி மெல்லிய கோடுகள் மறைந்துவிடும்.

எல்லா உரையிலும் யாராவது கேட்பது: எழுத்து ஏன் கண்ணாடியில் தெரிவதுபோலத் திரும்பவில்லை? மை ஏறுவது தாளின் மேல்பக்கத்தில், கல்லில் அல்ல. அவ்வளவுதான்.

சில்வண்டின் சிறகுபோல வெளிறிய படி ஒரு வகை, பளபளக்கும் அடர்கறுப்புப் படி இன்னொரு வகை. அடர்கறுப்பு பார்க்க அழகு. ஆனால் கல்லின் மெல்லிய பொரிவும் கீறலும் அதில் முழுகிவிடும். ஓர் எழுத்தில் சந்தேகம் வந்தால், வெளிறிய படி இருக்கிறதா என்று பேச்சாளரிடம் கேளுங்கள்.

* * *

இதோடு இரண்டு கேள்விகளைச் சேர்த்துக்கொள்ளலாம். கல் அசலா? படி எப்போது எடுத்தது?

ஈஷான் கல்வெட்டின் வாசகம் சீனாவின் முதல் பேரரசரான சின் ஷி ஹுவாங் காலத்தது, கி.மு. 219. ஆனால் சியான் நகரின் பெய்லின் அருங்காட்சியகத்தில் நிற்கும் கல், கி.பி. 993-இல் ஒரு பிரதியைப் பார்த்து மறுபடி வெட்டியது. "சின் காலக் கையெழுத்து" என்று அதைத் திரையில் காட்டினால் பாதிதான் உண்மை.

படியின் காலத்தைக் கல்லின் சிதைவு காட்டிக்கொடுக்கும். அதே அருங்காட்சியகத்திலுள்ள, 781-இல் நாட்டிய சிரியக் கிறிஸ்தவக் கல்லின் பக்கவாட்டில், சிரியாக் மொழியில் வெட்டிய பழைய பெயர்களுக்கு மேலேயே 1859-இல் ஒருவர் தாம் வந்து பார்த்த குறிப்பை வெட்டிவைத்தார். அந்தப் பக்கத்துப் படியில் குறிப்பு இல்லையென்றால், படி அதற்கு முந்தியது. விற்பவர்களுக்கும் இந்தக் கணக்கு தெரியும். உடைந்த இடத்தை மையால் திருத்திப் பழைய படியாக்கிவிடுவார்கள். எனவே சிதைந்த எழுத்தைச் சுற்றியுள்ள கறுப்பு மட்டும் வேறு நிறமாக இருக்கிறதா என்று பாருங்கள்.

* * *

தமிழ் தெரிந்தவர்களுக்கு, இலங்கையின் காலி நகரில் கிடைத்த மும்மொழிக் கல்வெட்டில் ஒரு வசதி இருக்கிறது. கல்லில் உள்ள ஆண்டு 1409, கண்டெடுத்தது 1911, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனப் பகுதி புத்தரையும், தமிழ்ப் பகுதி தேனவரை நாயினார் என்ற திருமாலையும் போற்றுகின்றன; பாரசீகப் பகுதி இஸ்லாமியருக்கானது, மிகவும் தேய்ந்ததும் அதுவே. ஒரே அடர்த்தியில் மையொற்றினால் மூன்றுக்கும் சரிவராது. இந்தக் கல்லை நாட்டிய சீனக் கடற்படைத் தளபதி சங் ஹ பற்றிய உரைகளில் பெரும்பாலும் சீனப் பகுதியை மட்டும் வெட்டிக் காட்டுவார்கள். தமிழ்ப் பகுதியையும் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று காணிக்கைப் பட்டியல் இரண்டிலும் ஏறக்குறைய இணையாக ஓடுவதால், ஒன்றில் மங்கிய எண்ணை மற்றதில் சரிபார்க்கலாம்.