புதுப்பிப்பு: ரியாத் போய் வந்தாச்சு

நுவரெலியா குளிரில் வளர்ந்தவள் ஜூலை மாதம் ரியாத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போக என்ன உடுப்பு எடுக்க வேண்டும் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

அபாயா (உடுப்புக்கு மேல் போடும் நீள அங்கி) கட்டாயமா என்பதுதான் என் பெரிய கவலை. 2019இல் சவூதி அரேபியா சுற்றுலா விசா தொடங்கியதிலிருந்து வெளிநாட்டுப் பெண்களுக்கு அது கட்டாயமில்லை. தோளும் முழங்காலும் மூடியிருந்தால் போதும். நீளக்கை பருத்திச் சல்வார்களே பாதி நாள் கைகொடுத்தன. ஆனாலும் அக்காவின் மெல்லிய அபாயாவைப் போட்டுப் பார்த்தபின் அதையே விரும்பினேன். உள்ளே என்ன உடுத்தியிருக்கிறோம் என்று யோசிக்கவே வேண்டாம்!

ஜீன்ஸ் வீண் சுமை. 40 பாகையைத் தாண்டிய வெயிலில் அது காலோடு ஒட்டிக்கொள்ளும். காற்றில் ஈரமே இல்லாததால் இரண்டாம் நாளே உதடு வெடித்துவிட்டது. அம்மா திணித்துவிட்ட தேங்காய் எண்ணெய்ப் போத்தல்தான் காப்பாற்றியது.

அப்புறம், "ஸ்வெட்டர் எதுக்கு?" என்று சிரித்தவர்களுக்கு: அங்குள்ள கடைத்தொகுதிகளின் ஏசிக்கு நம் ஊர் ஜனவரிப் பனியே பரவாயில்லை. தினமும் போட்டேன்.